வீட்டிலேயே ஆட்டுக் குளம்பு வெட்டுவது: திருகோணமலைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி, மூதூர், கிண்ணியா என்று நம் மாவட்டத்தில் வேலியோரம் இரண்டு ஆடாவது கட்டியிருக்கும் வீடுகள் நிறைய. நான் ஆட்டுக் குளம்பு வெட்டுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து சந்தையில், கலியாண வீட்டில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்று ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் கால்நடை வைத்தியர் அல்ல, ஆடு வளர்ப்பவள். வைத்தியரிடம் போக வேண்டிய இடம் எதுவோ அதை அந்தந்தப் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

எங்கட அப்பாட காலத்துல ஆட்டுக்கு யாரும் குளம்பு வெட்டினதில்லையே அக்கா, இப்ப மட்டும் என்னத்துக்கு?

அப்பா காலத்து ஆடு காலையில் அவிழ்த்துவிட்டால் பொழுதுபடும்வரை காடு, மேடு, கல், தரவை எல்லாம் மேய்ந்துவிட்டுத்தான் பட்டிக்கு வரும். அந்த நடையிலேயே குளம்பு தேய்ந்துவிடும். இப்போது நாம் பத்தடிக் கயிற்றில் கட்டி, குழை வெட்டிக் கொண்டுவந்து முன்னால் போடுகிறோம். குளம்பு மட்டும் முன்பு போலவே வளர்கிறது. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள்தான் குளம்பும். நிற்காமல் வளரும், தேயாவிட்டால் நீளும்.

நீண்டால் என்ன என்று கேட்கலாம். குளம்பின் வெளிச்சுவர் நீண்டு உள்பக்கம் மடிந்து அடிப்பாகத்தை மூடிவிடும். அந்த மடிப்புக்குள் சேறும் புழுக்கையும் அடைபடும். காற்றுப் படாத அந்த ஈரத்தில்தான் குளம்பழுகல் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், நுனி நீளும்போது ஆடு பாரத்தைக் குதியில் போட்டு நிற்கப் பழகும். மூட்டும் நரம்பும் வலிக்கும். வலிக்கிற ஆடு குறைவாக நடக்கும், குறைவாகத் தின்னும், பாலும் குறையும்.

கோட்டைக்குள்ள திரியிற மானுக்கு யார் குளம்பு வெட்டி விடுறது? அதுகள் நல்லாத்தானே நடக்குது?

இதைக் கேட்டவர் என்னை மடக்குவதற்காகத்தான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி. பிரட்றிக் கோட்டை மான்கள் தார் ரோட்டிலும் பாறையிலும் கோணேசர் கோயில் ஏற்றத்திலும் நாள் முழுக்க நடக்கின்றன. அவற்றின் குளம்பை அந்தத் தரையே தேய்த்துவிடுகிறது.

வீட்டு ஆட்டின் மூதாதையும் மலைக்காரிதான். ஈரான், துருக்கிப் பக்கத்து வறண்ட மலைகளில் வாழும் காட்டாட்டிலிருந்து ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் பழக்கி எடுத்த விலங்கு இது. காய்ந்த பாறையில் ஏறி இறங்குவதற்கு அமைந்த கால். அதைக் கொண்டுவந்து நிலாவெளி மணலிலும் மார்கழிச் சேற்றிலும் நிறுத்திவைத்திருக்கிறோம். மணல் குளம்பைத் தேய்க்காது, சேறு அதை ஊறவைக்கும். கன்னியாப் பக்கம் கல் தரையில் மேயும் ஆட்டுக்கும் கடற்கரையில் கட்டிப்போட்ட ஆட்டுக்கும் குளம்பில் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்தாலே தெரியும்.

எத்தனை நாளைக்கு ஒருக்கா வெட்டோணும்?

பொதுவாக ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை. கல் தரையில் மேய்கிற ஆட்டுக்கு மூன்று மாதம்கூடப் போகலாம். கட்டிவளர்க்கும் ஜமுனாபாரி, சானன் இன ஆடுகளுக்கு ஆறு கிழமையைத் தாண்டவிடாதீர்கள். நாட்காட்டியைவிடக் காலைப் பார்ப்பது நல்லது: வெளிச்சுவர் அடிப்பாகத்தைவிட நீண்டு மடியத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கொஞ்சமாக, அடிக்கடி வெட்டுபவருக்குக் கைத்திறமை பெரிதாகத் தேவையில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வெட்டுபவருக்குத்தான் அது தேவை. அவருடைய ஆட்டுக்குத்தான் இரத்தமும் வரும்.

நம் ஊர் மழையையும் கணக்கில் எடுங்கள். இங்கே பெருமழை ஐப்பசி முதல் தை வரை. ஆகவே புரட்டாசிக்குள் எல்லா ஆட்டுக்கும் ஒரு சுற்று வெட்டி முடித்துவிட வேண்டும். சேறு வரும்போது அடைபட மடிப்பு இருக்கக் கூடாது.

என்ன சாமான் வாங்கணும்? கொழும்பில இருந்து எடுப்பிக்கணுமா?

வேண்டாம். ரோஜாக் கிளை வெட்டும் கைக்கத்தரி ஒன்று, ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். வாய் குறுகலாகவும் நுனி கூராகவும் இருக்கட்டும். மரவேலைக்குப் பாவிக்கும் அரம் ஒன்று. தும்புப் பிரஷ் ஒன்று. அழுக்கைத் தோண்டி எடுக்க நுனி மழுங்கின ஆணி அல்லது பழைய ஸ்க்ரூட்றைவர். ஒரு வாளித் தண்ணீர், டெட்டோல், அயடின், கொஞ்சம் பஞ்சு, கட்டுத் துணி. தடித்த கையுறை இருந்தால் நல்லது. கத்தரி நழுவினால் ஆட்டின் காலுக்கு முன் உங்கள் பெருவிரல்தான் போகும்.

கத்தரி கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தரி வெட்டாது, நசுக்கும். ஒரு ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்குப் போகும்போது கத்தரியை டெட்டோல் தண்ணீரில் கழுவுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்டால் கொடுக்கும்போதும் திரும்பி வரும்போதும் கழுவுங்கள்.

ஆடு நிக்குதில்ல, உதைக்குது. ஒத்த ஆளா எப்படிப் பிடிக்கிறது?

கழுத்துக் கயிற்றை மரத்திலோ தூணிலோ குட்டையாகக் கட்டுங்கள், தலை ஆட்டின் தோள் உயரத்தில் இருக்கிற மாதிரி. முன்னால் பூவரசங்குழையோ பலா இலையோ ஒரு கட்டுத் தொங்கவிடுங்கள். ஆட்டின் ஒரு பக்கத்தைச் சுவரோடு அணைத்து, மறுபக்கம் உங்கள் இடுப்பால் அழுத்தி நில்லுங்கள். பின்னங்காலுக்கு ஆட்டின் வாலைப் பார்த்து நின்று காலைப் பின்பக்கமாகத் தூக்குங்கள். முன்னங்காலை முழங்காலில் மடித்து மேலே எடுங்கள். கால் தானாக மடிகிற திசையில்தான் மடக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் மூட்டு வலித்து ஆடு உதைக்கும், அதில் ஆட்டின் பிழை ஒன்றுமில்லை.

உதைக்கும்போது காலை விட்டுவிடாதீர்கள், இறுக்கவும் வேண்டாம். பிடித்தபடியே அதன் ஆட்டத்தோடு போய், அடங்கினதும் மெல்ல இறக்கிவிடுங்கள். உதைத்தால் விடுதலை என்று ஒருமுறை படித்த ஆடு அதை மறக்காது. குட்டிக்கு இரண்டு மாதம் ஆகும்போதே காலைத் தூக்கித் தடவிப் பழக்கினால் பிறகு இந்தப் போராட்டமே இல்லை.

செம்மறி ஆட்டைக் குந்தவைத்து வெட்டுவதைப் பார்த்துவிட்டு வெள்ளாட்டையும் முதுகில் புரட்டுபவர்கள் உண்டு. வெள்ளாடு அதற்கு ஒத்துப்போகாது. வயிறு நிறைந்த ஆட்டைப் புரட்டினால் மூச்சும் திணறும். 60 கிலோவுக்கு மேற்பட்ட கிடாய் என்றால் வெட்கப்படாமல் இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்க தொடங்கி எங்க நிப்பாட்டுறது? அதுதான் எனக்குப் பயம்.

முதலில் கழுவித் தேய்த்து, விரலிடுக்கில் உள்ள அழுக்கை எடுத்துவிட்டு, காலைத் திருப்பி நன்றாகப் பாருங்கள். ஒரு காலில் இரண்டு குளம்பு. ஒவ்வொன்றுக்கும் கெட்டியான வெளிச்சுவர், உள்ளே கொஞ்சம் மிருதுவான அடிப்பாகம், பின்னால் இன்னும் மிருதுவான குதி. முதல் வெட்டு எப்போதும் மடிந்து கிடக்கும் சுவருக்குத்தான். குதியிலிருந்து நுனி நோக்கி, அடிப்பாகத்தோடு சமமாக வரும்வரை வெட்டுங்கள். அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை, ஆட்டுக்கு வலிக்காது. மடிப்பை எடுத்ததும் உள்ளே கறுப்பாக அடைந்த சேறு கொட்டும். அதை மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நீண்ட நுனியை வெட்டுங்கள்.

அடுத்தது அடிப்பாகம். இங்கேதான் மெல்லிய சீவலாக, தாள் தடிப்பில் எடுக்க வேண்டும். சீவச் சீவ வெள்ளையாக வரும். வெள்ளை மெல்ல ரோஸ் நிறமாக மாறினால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு சீவல் எடுத்தால் இரத்தம். அடிப்பாகமே கறுப்பாக உள்ள ஆடுகளில் இந்த நிறமாற்றம் தெரியாது. அப்போது பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் அமிழ்ந்தால் போதும் என்று அர்த்தம். குதி மிகவும் உயர்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் சமப்படுத்துங்கள், மற்றபடி அதைத் தொட வேண்டாம்.

சரியாக வந்ததா என்று பார்க்க நல்ல அளவுகோல் ஆட்டின் காலிலேயே இருக்கிறது. மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் கோட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். குளம்பில் தெரியும் வளர்ச்சி வரிகளும் அதற்கு ஒத்து ஓடும். அடித்தளம் அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். பிறந்து சில நாளான குட்டியின் காலைப் பார்த்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, குளம்பு இருக்க வேண்டிய வடிவம் அதுதான். கடைசியாக அரத்தால் விளிம்பைத் தேய்த்து, ஆட்டைத் தரையில் நிறுத்தி, இரண்டு குளம்பும் ஒரே மட்டத்தில் பதிகின்றனவா என்று பாருங்கள். காலின் பின்னால் மேலே இருக்கும் இரண்டு சிறு நகங்கள் வளைந்து தோலில் குத்தினால் மட்டும் நுனியை எடுங்கள்.

ஐயோ ரத்தம் வந்துட்டு! இப்ப என்ன செய்யிறது?

சொட்டுச் சொட்டாக என்றால் பதற வேண்டாம். சுத்தமான பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நின்றதும் அயடின் தடவி, காய்ந்த சுத்தமான இடத்தில் ஒருநாள் கட்டுங்கள். நிற்காமல் ஓடினால் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். கட்டை மறுநாளே அவிழ்க்க மறக்காதீர்கள். சாம்பல், கோப்பித்தூள், சாணம் ஒன்றும் அப்ப வேண்டாம்.

இரத்தத்தைவிட எனக்குப் பயம் ஏற்புவலிதான் (டெட்டனஸ்). அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, வெள்ளாட்டுக்கு அது பிடிக்கக்கூடிய நோய். ஆழமாக வெட்டுப்பட்டால் ஏற்பூசி தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சில நாட்கள் கழித்து ஆடு விறைத்து நடந்தாலோ, வாயைத் திறக்க முடியாமல் நின்றாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆடி ஆவணி வெயில்ல குளம்பு கல்லு மாதிரி இருக்கு. கத்தரி இறங்கவே மாட்டேங்குது.

காலையில் பனியில் நனைந்த புல்லில் கொஞ்ச நேரம் மேயவிட்டு வெட்டுங்கள். அல்லது சுடுதண்ணீர் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஈரச்சாக்கை நனைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் காலில் சுற்றிவையுங்கள். முதல் மழை பெய்த மறுநாள் வெட்டுவது மிகவும் சுகம், ஆனால் அதற்காகப் பெருமழைவரை காத்திருந்தால் மேலே சொன்ன புரட்டாசிக் கணக்குத் தவறிவிடும்.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது எண்டு அம்மம்மா சொல்லுவா. ஆட்டுக்கும் அப்படியா?

செவ்வாய், வெள்ளியில் நகம் வெட்டாத வீட்டுக்காரர் இதைக் கேட்கிறார். கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த நானா வெள்ளிக்கிழமைதான் நகம் வெட்ட நல்ல நாள் என்கிறார். ஆட்டுக்கு இரண்டு பேரும் நல்லவர்களே, அதனால் உங்கள் வீட்டு வழக்கப்படி செய்யுங்கள். ஆனால் விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது என்பதை நானும் சொல்வேன். ரோஸ் நிறம் தெரிய நல்ல வெளிச்சம் வேண்டும்.

சினை ஆட்டுக்கு வெட்டலாமா?

ஆடு குட்டியைச் சுமக்கும் காலம் ஏறக்குறைய 150 நாள். முதல் மூன்று மாதத்தில் மெல்ல நிற்கவைத்து வெட்டலாம். கடைசி மாதத்தில் போராட வேண்டாம். நாள் தெரிந்தால் மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஒரு தடவை வெட்டி, குட்டி போட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு அடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கின மறி ஆட்டுக்கு நாலு காலும் சுருண்டு செருப்பு நுனி மாதிரி நிக்குது. ஒரேயடியா வெட்டிறலாமா?

வேண்டாம். நீண்ட குளம்புக்குள் இரத்தம் ஓடும் உயிர்ப்பாகமும் சேர்ந்து முன்னால் வந்திருக்கும். முதல் நாள் மடிப்பையும் செத்த நுனியையும் மட்டும் எடுங்கள். ரோஸ் தெரிந்தால் நிறுத்துங்கள், வடிவம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று கிழமை விட்டு மறுபடி கொஞ்சம். சுவரை எடுத்த பிறகு உயிர்ப்பாகம் மெல்லப் பின்வாங்கும். இப்படி மூன்று நான்கு தவணையில் பெரும்பாலான ஆடு நேராக நிற்கும். வருடக்கணக்கில் விட்ட ஆட்டுக்கு மூட்டே கோணிப்போயிருந்தால் முழுதாகத் திரும்பாது. வாங்கும்போதே காலைத் தூக்கிப் பார்த்து, அதைச் சொல்லி விலை பேசுங்கள்.

வாங்கின ஆட்டை இரண்டு கிழமையாவது மற்ற ஆடுகளோடு விடாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

மழை தொடங்கினதும் நொண்டுது. குளம்புக்குள்ள அழுகின மணம். வெட்டி எடுத்தா சரியாகுமா?

அந்த மணம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. குளம்பழுகல்தான். விரலிடுக்கு சிவந்து ஈரமாக இருக்கும், பிறகு சுவரும் அடிப்பாகமும் பிரிந்து உள்ளே சாம்பல் நிறக் களி தெரியும். ஆடு காலை ஊன்றாது, சில முழங்காலில் நின்று மேயும். இரண்டு வகைக் கிருமி சேர்ந்து செய்யும் வேலை இது. ஒன்று சாணத்திலும் மண்ணிலும் எப்போதும் இருப்பது. மற்றது நோயுள்ள ஆட்டின் காலோடு வருவது, காலை விட்டு வெளியே மண்ணில் நீண்டகாலம் பிழைக்காது. அதனால்தான் புது ஆட்டைத் தனியே வைக்கச் சொன்னேன். நோய் வந்த நிலத்தில் சில கிழமை ஆடு விடாமல் இருந்தாலும் பெரிதும் அடங்கும்.

வெட்டுவதைப் பற்றி: அழுகலைத் துரத்திக்கொண்டு ஆழமாக வெட்டும் பழக்கம் முன்பு இருந்தது. அப்படி வெட்டினால் ஆறுவது தாமதமாகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. தொங்கிக்கொண்டிருக்கும் செத்த பாகத்தையும் அழுக்கு அடைத்த மடிப்பையும் மட்டும் எடுத்துக் கழுவிவிட்டு, கால் குளியல் கொடுத்து, காய்ந்த தரைக்கு மாற்றுங்கள். ஆடு காலை ஊன்றாத அளவுக்கு வந்துவிட்டால் ஊசிமருந்து தேவை, அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். வெட்டின துண்டுகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். நோயுள்ள ஆட்டை எப்போதும் கடைசியில் வெட்டுங்கள்.

கால் குளியலுக்கு மயில்துத்தமா, சிங்க் சல்பேட்டா? எவ்வளவு?

நான் சிங்க் சல்பேட் பக்கம். வயலுக்குப் போடுவதால் கந்தளாய், மூதூர்ப் பக்கத்து விவசாயக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். பத்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிலோ. பெரிய பிளாஸ்டிக் தட்டில் குளம்பு மூழ்கும் ஆழத்துக்கு ஊற்றி, காலைக் கழுவிய பிறகு ஆட்டைப் பத்து நிமிடமாவது நிற்கவையுங்கள். அழுக்குக் காலோடு நிறுத்தினால் மருந்து வீண். பிறகு ஒரு மணி நேரம் சீமெந்துத் தரையிலோ பலகையிலோ உலரவிடுங்கள். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மறுபடி கொடுக்கலாம்.

மயில்துத்தமும் வேலை செய்யும். ஆனால் இரும்பு வாளியை அரிக்கும், குடித்தால் நஞ்சு, செம்மறிக்கு அதைவிட மோசம். எதைக் கரைத்தாலும் முதலில் ஆட்டுக்கு நல்ல தண்ணீர் காட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மிச்சத்தைக் கிணற்றடியிலும் குளக்கரையிலும் ஊற்றாதீர்கள். போர்மலினை வீட்டில் தொடவே வேண்டாம், அதன் ஆவி உங்கள் நெஞ்சுக்குக் கூடாது.

நொண்டுது, விரலிடுக்கில கொப்புளம், வாயிலயும் புண். இதுவும் குளம்பழுகல்தானா?

கத்தரியைக் கீழே வையுங்கள். கால்வாய் நோயாக (கோமாரி) இருக்கலாம். காய்ச்சல், வாயில் நீர் வடிதல், பல ஆடுகள் ஒரே நேரத்தில் நொண்டுதல், பக்கத்தில் மாடுகளுக்கும் அதே குறி என்றால் சந்தேகம் இன்னும் கூடும். வெள்ளாட்டில் குறிகள் லேசாகத்தான் தெரியும், அதனாலேயே நம்மை ஏமாற்றிவிடும். குளம்பழுகலில் வாய்ப்புண் வராது.

இது அறிவிக்க வேண்டிய நோய். உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஆட்டை விற்கவோ வேறிடம் கொண்டுபோகவோ வேண்டாம், நீங்களும் அடுத்தவர் பட்டிக்குப் போக வேண்டாம். கிருமி உங்கள் செருப்பிலும் கத்தரியிலும் கயிற்றிலும் பயணம் செய்யும்.

குளம்பு வெட்டி நல்லாத்தான் இருக்கு, மணமும் இல்ல. ஆனா முழங்கால்ல நிண்டு மேயுது. ஏன்?

இதைக் கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, முந்தின நாட்களில் என்ன தின்றது என்பதுதான். கோயில் அன்னதானத்துக்குப் பிறகும் கந்தூரிக்குப் பிறகும் மிஞ்சிய சோற்றை அள்ளி ஆட்டுக்கு வைப்பது நம் ஊரில் சாதாரணம். நெல்மூட்டையை உடைத்துத் தின்பதும் நடக்கும். இப்படி மாப்பொருள் திடீரென்று அதிகம் போனால் வயிற்றில் அமிலம் கூடும், அதன் விளைவாகக் குளம்புக்குள் இருக்கும் உயிர்ப்பாகம் வீங்கும். சுற்றிக் கெட்டிச்சுவர் இருப்பதால் வீக்கத்துக்கு இடம் இல்லை, வலி கடுமை. கையை வைத்தால் குளம்பு சுடும். இரண்டு முன்னங்காலும் சேர்ந்து வலிப்பதால் முழங்காலில் நிற்கும்.

இது வெட்டித் தீர்க்கும் விஷயம் அல்ல. வயிற்று அமிலம் ஆட்டைக் கொன்றுவிடக்கூடியது, ஆகவே அன்றே வைத்தியர். பிழைத்த ஆட்டின் குளம்பு பிறகு தடித்துக் கோணலாக வளரும். அதைச் சுருண்ட குளம்புக்குச் சொன்னபடி தவணை தவணையாகத் திருத்த வேண்டும். முழங்கால் மூட்டே வீங்கியிருந்தால் காரணம் வேறு, அதையும் அவரிடமே காட்டுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வளர்க்கிற கிடாய். வெட்டினா குர்பானுக்குப் பிழை வருமா?

மார்க்கத் தீர்ப்பை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் வெளிப்படையாக நொண்டும் ஆடு குர்பானுக்கு ஏற்காது. குளம்பைக் கவனிக்காமல் விட்டு அது நொண்டினால்தான் சிக்கல். எங்களுடைய பக்கத்திலிருந்து ஒரு யோசனை: பெருநாளுக்கு மூன்று நான்கு கிழமை முன்பே வெட்டிவிடுங்கள். தவறி ஆழமாகப் போனாலும் ஆற நேரம் இருக்கும். விற்கக் கொண்டுபோகிற அன்று காலை கத்தரி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கொட்டிலுக்குள்ள கல்லுப் போட்டு விட்டா வெட்டத் தேவையில்லைதானே?

சொரசொரப்பான பாறைத் துண்டுகள், உடைந்த புளொக்கல் கொஞ்சம் குவித்துவிட்டால் ஆடு தானாக ஏறி விளையாடும், நுனி ஓரளவு தேயும். குடிதண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கருங்கல் பதித்தாலும் உதவும். வெட்டும் இடைவெளி கூடுமே தவிர வெட்டாமல் முடியாது, ஏனென்றால் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தேயாது. பரண் கொட்டில் என்றால் பலகை இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர். அதற்கு மேல் போனால் குளம்பு சிக்கும்.

நேத்து வெட்டினேன், ரத்தமும் வரேல்ல. இண்டைக்கு நொண்டுது.

அடிப்பாகத்தை மெல்லியதாக்கிவிட்டால் கல்லில் மிதிக்கும்போது கூசும். மிருதுவான காய்ந்த தரையில் இரண்டு நாள் விடுங்கள், பெரும்பாலும் சரியாகும். மூன்றாம் நாளும் நொண்டினாலோ, ஒரு குளம்பு மட்டும் சுட்டாலோ உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். அதை நீங்களே கீறித் திறக்க வேண்டாம். இரண்டு குளம்பும் ஒரே மட்டமா என்பதையும் மறுபடி பாருங்கள், சில நேரம் அரத்தால் நாலு இழுப்பு இழுத்தாலே போதும்.

அக்கா, கடற்கரையில பிள்ளைகளை ஏத்திறதுக்கு ஒரு மட்டக்குதிரை வாங்கப் போறன். ஆட்டுக்குப் பழகின கையால அதுக்கும் வெட்டலாமா?

வெட்டக் கூடாது, தம்பி. குதிரைக்கு ஒரு காலில் ஒரே குளம்பு, முழு உடம்புப் பாரமும் அதில். அடியில் நடுவே முக்கோணமாக ஒரு மெத்தை இருக்கும். மிதிக்கும் அதிர்ச்சியைத் தாங்க அது வேண்டும், அழுக்கு என்று நினைத்துச் சீவிவிடுபவர்கள் உண்டு. குளம்பின் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் காலின் பின்னரம்பு பாதிக்கும். அதற்கான குறடும் நீண்ட அரமும் வேறு. ரோஜாக் கத்தரி அந்தச் சுவரில் இறங்கவே இறங்காது.

நெடுந்தீவுக் குதிரைகள் யாரும் வெட்டாமலே திரிகின்றனவே என்று சொல்லாதீர்கள். அதற்குப் பதில் கோட்டை மானுக்குச் சொன்னதேதான்: அவை நாள் முழுக்க நடக்கின்றன, உங்கள் மட்டக்குதிரை ஈர மணலில் நாலு சுற்றுப் போய்விட்டுக் கட்டையில் நிற்கும். ஆகவே ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை தெரிந்த ஆள் பார்த்தாக வேண்டும். குதிரைகளோடு வேலை செய்பவர்கள் நுவரெலியாவிலும் கொழும்புப் பொலிஸ் குதிரைப் பிரிவிலும் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் குளம்பு பார்க்க யார் வருவார், என்ன செலவு என்று விசாரித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஆள் கிடைத்த பிறகு, ஒவ்வொரு நாளும் அடியைச் சுத்தம் செய்வது, மணமும் சூடும் பார்ப்பது, விளிம்பில் வெடிப்பை மட்டும் அரத்தால் மழுக்குவது, இவ்வளவையும் அவரிடமே நின்று பழகலாம். கத்தரி ஆட்டோடு நிற்கட்டும்.